புலிமுகச் சிலந்தி வளர்த்தவர்

அத்தான் எந்த வீட்டுக்குள்ளும் சத்தமில்லாமல் போகமாட்டார். வேலிப் படலையடியில் நின்று ஒருதரம் இருமுவார். பிறகு செருப்பை இழுத்து இழுத்து நடப்பார். தன் வீட்டுக்கும் அப்படித்தான். பின்னால் வந்து தோளில் தட்டுகிறது, எட்டிக் கையைப் பிடிக்கிறது, பிள்ளையை வாரித் தூக்குகிறது ஒன்றும் அவரிடம் இல்லை. நாய் என்றாலும் பக்கவாட்டில் குந்தி, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அது வந்தால் சரி. வராவிட்டால் எழும்பிப் போய்விடுவார்.

அக்காவின் புருஷன் அவர். பேர் எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடித்திராது.

நாங்கள் மன்னார்த் தீவுக்காரர். நான் ஐந்தாம் வகுப்போடு நண்டு வலைக்குப் போனவன். அவர் வெள்ளாங்குளத்துக்காரர், சைவம். அக்காவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து எங்களைப்போல் வேதக்காரர் ஆனார். கடல் அவருக்குச் சரிவரவில்லை. இரண்டு நாள் வந்து சத்தி எடுத்துவிட்டு, அடம்பன் பக்கம் ஒரு மரக்காலையில் மரம் அரியும் வேலைக்குப் போனார். காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் வருவார். அம்மா, நான், அவர்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான்.

மரக்காலையிலும் இதே குணம். வாளில் ஏற்றமுன் ஒவ்வொரு மரக்குற்றியையும் கட்டையால் மூன்று தரம் தட்டுவார். தட்டிவிட்டுத் தள்ளி நிற்பார். உள்ளே ஏதும் இருந்தால் போகட்டும் என்று. மற்றவர்கள் சிரிப்பார்கள். முதலாளி ஒருநாள் கேட்டாராம், நீ மரம் அரிய வந்தனியோ, பாம்புக்குப் பயணம் சொல்ல வந்தனியோ என்று.

இரண்டுக்கும்தான் முதலாளி என்றாராம் இவர்.

அக்கா அப்போது வெளிநாட்டில். அரைகுறையாய் நின்ற வீட்டுக்குக் கூரை போடுவதற்காக அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவ. போய் மூன்றாம் வருடம் போன் வருவது குறைந்தது. அத்தான் இரவில் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுப்பார்.

அந்த வருடத்தில்தான் சிலந்தி வந்தது. ஒரு முதிரைக் குற்றியின் பட்டையை உரித்தபோது உள்ளே பெரிய புலிமுகச் சிலந்தி ஒன்று. கையகலம் இருக்கும், உடம்பெல்லாம் மயிர், காலில் வரி. இவர் தட்டியும் அது போகவில்லை. குஞ்சுகள் இருந்தபடியால் போகவில்லை. மற்றவர்கள் செருப்பால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். குஞ்சுகள் சிதறி ஓடின. இவர் சோத்துப் பெட்டியைச் சரித்துப் பிடித்தபடி பொறுத்திருந்தாராம். மூன்று தன்பாட்டில் உள்ளே ஏறின. ஏறியதை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

அம்மா அன்று பேசிய பேச்சு தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

“மருமோன் எண்டு ஒண்டைக் கொண்டுவந்தன். அது இப்ப எட்டுக்கால் மருமக்களைக் கொண்டுவருது.”

அவர் சிரித்தார். மூன்று ஜாம் போத்தல் எடுத்தார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டார். அடியில் மரத்தூள், நடுவில் நிமிர்த்தி வைத்த பட்டைத் துண்டு. சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, வெள்ளை மூடி. குஞ்சுகள் அப்போது சட்டைப் பொத்தான் அளவு. குசினியில் பலகை அடித்து அதில் வைத்தார். வெயில் படாது, சனம் தட்டுப்படாது.

அடுத்த ஒரு வருடம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவருடைய பொழுதுபோக்கு. கரப்பான் குஞ்சு பிடித்துப் போடுவார். தண்ணீர் ஒரு துளி போத்தல் சுவரில் விடுவார். மூடியைத் திறக்கமுன் ஈர்க்கு ஒன்றால் கண்ணாடியில் மெல்ல உரசுவார். மூச்சு விடமாட்டார். மூச்சுக்காற்றுப் பட்டால் அதுக்கு உலகம் இடிந்ததுபோல் என்பார்.

மூன்றும் ஒரு தாயின் குஞ்சுகள். குணம் மூன்று மாதிரி. சிவப்பு மூடி ஓடும். ஈர்க்கு நுனி பின்னங்காலில் பட்டதும் போத்தலை இரண்டு தரம் சுற்றிவிட்டுப் பட்டைக்குப் பின்னால் மறையும். கண்ணால் பிடிக்க முடியாத ஓட்டம். மஞ்சள் மூடி முன்னங்காலைத் தூக்கும். நான்கு காலையும் மேலே தூக்கிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். காலின் அடிப்பக்கம் மஞ்சளாய்த் தெரியும். கிட்டப் போனால் நிலத்தில் அடிக்கும். வெள்ளை மூடி ஒன்றும் செய்யாது. கால்களை ஒடுக்கிப் பட்டையோடு பட்டையாய்க் கிடக்கும்.

எனக்கு வெள்ளை மூடியைத்தான் பிடிக்கும். இதுதான் நல்லது, பழகிவிட்டது என்று சொல்லுவேன். அவர் அந்தப் போத்தலைப் பலகையில் இன்னும் உள்ளே தள்ளி வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, அவர் கிணற்றடியில் நிற்கும்போது வெள்ளை மூடியைத் திறந்தேன். அப்போது பாதி உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தது. பட்டைத் துண்டை வெளியே எடுத்து, ஓடாமலிருக்க மேலே கையைக் குவித்து மூடினேன். மற்றக் கையால் மெல்லத் தொட்டேன். கடித்தது. கை வீங்கி, அன்று முழுக்கத் தசையெல்லாம் இழுத்துப் பிடித்தது. இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை.

அவர் வந்து முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு சிலந்தியின் காலை எண்ணினார்.

“எட்டும் கிடக்கோ?” என்று கேட்டேன். எனக்குக் கோபம்.

“கிடக்கு. மச்சான், அது பழகினதில்லை. ஒடுங்கிக் கிடந்தது. ஓடுறதும் காலைத் தூக்கிறதும் உனக்குச் சொல்லிப்போட்டுச் செய்யும். இது சொல்ல ஏலாமக் கிடக்கு. போற வழியையும் நீ மூடிப்போட்டாய்.”

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

நாலு வருடம் முடிந்து அக்கா வந்தா. கொழும்பிலிருந்து விடிய வரும் பஸ். அம்மா சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தா. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூரப் போய் வந்தவரை மூத்தவர்கள் ஒவ்வொருவராய் வந்து நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டு, கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சுவார்கள். அன்று பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

அக்கா மெலிந்து, பாதியாய் இருந்தா. இடது கை மணிக்கட்டில் சுட்ட தழும்பு. முதல் விரல் நெற்றிக்கு வந்தபோது கண்ணை மூடினா. இரண்டாவதுக்குத் தலையைப் பின்னே இழுத்தா. மூன்றாவது அம்மாவின் கை. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கினா. பிறகு அடித்தா. அம்மாவின் கன்னத்தில் நகம் கிழித்து இரத்தம் வந்தது. சனம் பிடிக்கப் போனது.

அத்தான் படலையடியில் நின்றார். இன்னும் உள்ளே வரவில்லை. நாலு வருடம் பார்க்காத மனிசியை இருபதடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டு நின்றார்.

“எல்லாரும் ஒருக்கா வெளியில வாங்கோ” என்றார்.

சத்தம் போடவில்லை. ஆனால் வந்தார்கள். அவர் வீட்டைச் சுற்றிப் போய்ப் பின்கதவையும் திறந்து வைத்தார். அக்கா ஓடிக் குசினி மூலைக்குள், அரிசிச் சாக்குக்குப் பின்னால் இருந்துவிட்டா. அந்தக் கதவுகள் இரண்டும் அதன் பிறகு பகலில் சாத்தப்படவில்லை.

அவர் குசினிக்குள் போகவில்லை. படலையில் இருமுவார். வாசலுக்கு வந்து சொல்லுவார், நான் தண்ணி வைக்கிறன், வைச்சிட்டுப் போறன் என்று. வைப்பார். போவார். சோறும் அப்படித்தான். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு மாதிரிக் கேட்டோம். அவர் கேட்கவில்லை.

முதலில் அவர் போன பிறகு சாப்பிட்டா. பிறகு அவர் முற்றத்தில் நிற்கும்போது சாப்பிட்டா. மாரி தொடங்கும்போது அவர் வாசலில் இருக்க, உள்ளே இருந்து சாப்பிட்டா. ஒருநாள் தலையை நிமிர்த்தாமல் சொன்னா:

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் உப்புத் தாங்கோ.”

கொடுத்தார். பிறகு முற்றத்துக்குப் போய்க் கோடரியை எடுத்து, தேவையில்லாமல் ஒரு பொழுது முழுக்க விறகு கொத்தினார்.

குசினிப் பலகையில் போத்தல்கள் இருந்தன. அக்கா அவற்றைப் பார்க்கத் தொடங்கினா. பயப்படவில்லை. சிவப்பு மூடிக்குத் தானே கரப்பான் குஞ்சு பிடித்துப் போட்டா. ஒரு மத்தியானம் அது மல்லாந்து கிடந்தது. செத்துவிட்டது என்று நான் சொன்னேன். அக்கா கையைக் காட்டி என்னை நிற்பாட்டினா. அது சட்டை கழற்றியது. பழைய தோலுக்குள்ளிருந்து ஒவ்வொரு காலாய் உருவி எடுத்தது. பின்னேரம்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தா. அத்தான் வந்ததும் சொன்னா. அவர் வாசல் வாங்குப் பலகையில் இருந்தபடி, இனிக் கொஞ்ச நாளைக்குத் தீன் போடவேண்டாம், பல்லு வெள்ளையாய், மெத்தென்று இருக்கும், இப்ப அதுக்கு அடிக்கவும் ஏலாது கடிக்கவும் ஏலாது என்றார். அக்கா கேட்டுக்கொண்டு வந்து அந்தப் பலகையின் மறு அந்தத்தில் இருந்தா.

அடுத்த நாள் என்னிடம் சொன்னார்.

“ஒரு முழம்தான் இருந்தது மச்சான். இடையில.”

பெட்டையை முதல்முதல் பார்த்த பெடியனைப்போல் சொன்னார்.

ஊர் வேறு மாதிரிச் சொன்னது. மனிசியைத் தொடத் தெரியாதவன் என்றார்கள். பூச்சியைப் போத்தலுக்குள் வைத்த மாதிரி மனிசியைக் குசினிக்குள் வைத்திருக்கிறான் என்றார்கள். அம்மா கோயிலுக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு கதை கேட்டுக்கொண்டு வருவா. பெரியம்மா ஒருநாள் வந்து, இது கெட்ட ஆவி, மன்னாருக்கு ஒரு செபக்கூட்டம் வருகிறது, தலையில் கை வைத்துச் செபித்தால் இறங்கிவிடும் என்றா. அத்தானிடம் கேட்டோம்.

“இன்னும் கொஞ்ச நாள் விடுங்கோ மாமி. தன்பாட்டில வருவா.”

அம்மாவுக்குப் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை. அக்கா முன்புபோல் என்னோடு சண்டை பிடிக்க வேண்டும், என் சட்டையைத் தோய்த்துவிட்டுத் திட்ட வேண்டும் என்று இருந்தது. வேறு கெட்ட எண்ணம் இல்லை.

செபக்கூட்ட நாளன்று அவர் வேலைக்குப் போகும்வரை பார்த்திருந்தோம். பெரியம்மா ஓட்டோவோடு வந்தா. அக்கா ஏறவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அம்மா அழுதா. பெரியம்மா பேசினா. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“அத்தான் அங்கதான் நிக்கிறார் அக்கா. உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்.”

என்னைப் பார்த்தா.

“அவர் நிக்கிறாரோ?”

“ஓம்.”

உள்ளே போனா. சேலை உடுத்தி, சீப்பால் தலை இழுத்துக்கொண்டு வந்தா. வந்த நாள் முதல் தலை இழுத்தது அன்றுதான். தானே ஓட்டோவில் ஏறினா.

மண்டபத்தில் நல்ல சனம். நடுவில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். சுற்றிவர நின்று தலையில், தோளில், முதுகில் கை வைத்தார்கள். எத்தனை கை என்று எனக்குத் தெரியாது. அக்கா அவர்களுடைய இடுப்புகளுக்கு இடையால் குனிந்து குனிந்து பார்த்தா. ஆரைத் தேடினா என்று எனக்குத் தெரியும். ஒருமுறை எழும்பப் பார்த்தா. நாலு பேர் பிடித்தார்கள். ஒருமுறை கத்தினா. பிறகு முழங்காலைக் கட்டி, தலையை உள்ளே வைத்து, ஒடுங்கி, சத்தமில்லாமல் இருந்தா.

இறங்கிவிட்டது என்றார்கள். பாட்டுப் படித்தார்கள். அம்மா சந்தோசத்தில் என்னைக் கட்டிப்பிடித்தா.

வீட்டுக்கு வந்தும் அக்கா அப்படியே இருந்தா. பெரியம்மா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, பார் எவ்வளவு அமைதி என்றா. நானும் ஓம் என்றேன்.

அத்தான் பின்னேரம் வந்தார். படலையில் இருமினார். அக்காவின் உடம்பு உதறியதை நான் பார்த்தேன். அவர் வாசலுக்கு வந்தார். நான் தண்ணி வைக்கிறன் என்று சொல்லத் தொடங்கினார். அக்கா இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கினா. அவருக்கு அதுவரை அப்படித் தூக்கியதில்லை.

அவர் வாசலில் இருந்து பின்னுக்கு நடந்தார். திரும்பவில்லை, பின்னுக்கே நடந்து படலைவரை போனார். செம்பு கையில் இருந்தது.

நான் போய் எல்லாம் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் தண்ணீரை வேலி ஓரம் ஊற்றிவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

“நான் இப்ப போய்ச் சொல்லுறன் அத்தான். நான்தான் ஏமாத்தினனான் எண்டு.”

“சொல்லாத.”

“ஏன்?”

“அவளுக்கு இப்ப என்னில நம்பிக்கை இல்லை. நீ சொன்னால் உன்னிலும் போயிடும். பிறகு ஆரின்ர கையால சாப்பிடுவாள்?”

அக்காவை ‘அவள்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு கிழமை பார்த்தார். படலைக்கு வெளியில் நின்று இருமினாலும் உள்ளே அக்கா ஒடுங்குவா. அவர் வீட்டில் நிற்கும் நாளில் ஒரு வாய் சாப்பிடமாட்டா. வேலைக்குப் போனால் என் கையால் சாப்பிடுவா. அவர் இதை எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். ஒரு திங்கட்கிழமை, வெள்ளாங்குளத்தில் தமையனோடு வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். ஒரு பையில் இரண்டு சாரம், சட்டை. மூன்று போத்தலையும் பனையோலை உமலில் வைத்துக் கொண்டுபோனார். மரக்காலைக்குப் பின்னால் நின்ற பெரிய புளியமரப் பொந்தில் திறந்து விட்டதாக முதலாளி பிறகு சொன்னார். ஒவ்வொன்றும் ஏறி முடியும்வரை பக்கத்தில் நின்றாராம்.

மூன்று வருடம். மாதத்துக்கு ஒருக்கால் மன்னார் பஸ் நிலையத்துக்கு வருவார். நான் போய்ச் சந்திப்பேன். சாப்பிடுறாவோ, வெளியில வாறாவோ என்று கேட்பார். நல்லதைச் சொன்னால் தலையாட்டுவார். வீட்டுக்கு வாங்கோ என்றால், கொஞ்ச நாள் போகட்டும் என்பார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். இதற்கிடையில் அம்மா மோசம் போனா. செத்த வீட்டுக்கு வந்து தெருவில் நின்றார். அக்கா பார்த்துவிடாமல் நின்றார்.

போன வருடம் தமையன் போன் எடுத்தார். விறகு ஏற்றிக்கொண்டு நின்றவர் நெஞ்சு நோகுது என்று குந்தினாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. நான் தனியப் போனேன். அவர் வேதக்காரன் என்று தமையன் நினைவு வைத்திருந்து, எரிக்காமல் தாட்டார்கள். குழிக்குள் மண் போட்டேன்.

அக்காவுக்கு உடனே சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை கொடுத்துவிட்டு வந்து, முற்றத்தில் நின்றபடி சொன்னேன். அத்தான் செத்ததைச் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். அன்று அவர் மண்டபத்தில் நிற்கவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் பொய் சொன்னேன் என்று. சொல்லவேண்டாம் என்று அவர் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா எழும்பிக் குசினிக்குள் போனா. 

அதன் பிறகு என் கையால் சோத்துக் கோப்பை வாங்குவதில்லை. நான் வாசலில் வைப்பேன். கடற்கரைப் பக்கம் போய் நிற்பேன். திரும்பி வரும்போது கோப்பை வெறுமையாய்க் கிடக்கும். சில நாள் சோறு அப்படியே இருக்கும்.

ஒன்பதாம் நாள் கேட்டா.

“எங்க தாட்டது?”

“வெள்ளாங்குளத்தில.”

அடுத்த நாள் சேலை உடுத்திக்கொண்டு படலையில் நின்றா. பஸ்ஸில் முன்பக்கம், கதவுக்குக் கிட்ட இருந்தா. நான் கடைசி ஆசனத்தில் இருந்தேன். இறங்கி நடக்கும்போதும் இருபதடி பின்னால் நடந்தேன். வழியை மட்டும் பின்னால் இருந்து சொன்னேன்.

சவக்காலை என்று பெரிதாய் ஒன்றுமில்லை. பற்றைக்குள் நாலைந்து சிலுவை. அவருடையதில் மண் இன்னும் இறுகவில்லை. அக்கா பக்கத்தில் போய் நின்றா. பிறகு இருந்தா. கொஞ்ச நேரத்தால் ஏதோ கதைக்கத் தொடங்கினா. கதைத்துக்கொண்டே இருந்தா. அந்த நாலு வருடக் கதையா, பிறகு நடந்ததா, எனக்குத் தெரியாது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

வெயில் சாய்ந்தது. மன்னாருக்குப் போகும் கடைசி பஸ் தெருவில் ஹோன் அடித்துக்கொண்டு போனது. நான் கூப்பிடவில்லை.